புதுப்பிப்பு: ஏறின 2 கிலோ இறங்கிட்டுது

போன கிழமை எழுதியிருந்தன்: நிலாவெளியில மச்சாள் வீட்டில கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயுமா சாப்பிட்டு வந்து, இரண்டே நாளில 2 கிலோ கூடிட்டுது, பயத்தில தண்ணியைக் குறைச்சிட்டன் எண்டு.

தண்ணியைக் குறைக்காதேங்கோ எண்டு சொன்ன எல்லாருக்கும் நன்றி. தாகத்துக்கு நல்லாக் குடிச்சன், உப்பை மட்டும் குறைச்சன். நாலாம் நாள் காலையில பழைய எடை. விரலில இறுகிக் கிடந்த மோதிரம் சோப்புப் போடாமலே கழண்டுது!

கணக்கு இதுதான். சேலைன் போத்தலில லீற்றருக்கு 9 கிராம் உப்பு. எங்கட இரத்தமும் கிட்டத்தட்ட அந்த அளவைத்தான் காக்கப் பார்க்கும். மிச்ச உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றும் வரைக்கும் அதோட தண்ணியும் நிக்கும். ஒரு லீற்றர் நிண்டால் ஒரு கிலோ. ஒரு கிலோ கொழுப்பு ஏற ஏறக்குறைய 7,700 கலோரி மேலதிகமா வேணும், இரண்டு விருந்தில அது நடக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

அம்மாவின்ர கால் வீக்கம் வேற மாதிரி. அமத்தினால் குழி விழுந்து அப்பிடியே நிக்குது. அவவுக்கு இந்த வைத்தியம் செய்யேல்லை. திங்கள் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறன். தண்ணி எவ்வளவு குடிக்கலாம் எண்டதையும் அவரிட்டயே கேட்கப்போறன்.