ஆயிரம் ரூபா வந்துச்சு, 944 ரூபாய பேங்க் எடுத்துக்கிச்சு

வணக்கம். கோத்தகிரி பக்கத்துலேருந்து எழுதுறேன், தினக்கூலிக்கு தேயிலைக் கொழுந்து பறிக்கிறவ. ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், போன வாரம் எங்க லைன் வீடுங்கள்ல ஒரு அக்காவுக்கும் இதே மாதிரி நடந்து, அழுதுகிட்டே வந்து பாஸ்புக்க நீட்டினாங்க, அதான் உக்காந்துட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருந்தேன். சம்பளத்துக்குன்னு கம்பெனிக்காரங்களே ஒரு பேங்க்ல கணக்கு ஆரம்பிச்சு குடுத்தாங்க, ஜீரோ பேலன்ஸ்னு சொன்னாங்க. மலைக்கு திரும்பி வந்ததும் சம்பளம் வரது நின்னு போச்சு இல்லையா, அப்ப அது தானா சாதாரண சேவிங்ஸ் கணக்கா மாறிடுமாம், ரெண்டாயிரம் எப்பவும் கிடக்கணுமாம். இத எனக்கு யாருமே சொல்லல. என் ஆதார் அந்தக் கணக்குலதான் லிங்க் ஆகி இருந்துச்சு, பையனுக்கு வாங்குன போன் இஎம்ஐயும் அதுலதான் போட்டிருந்தேன். மாசம் 5ஆம் தேதி இஎம்ஐ. இங்க ஃபேக்டரில இலைக்கு காசு குடுத்தாதான் தோட்டக்காரங்க எங்களுக்கு கூலி குடுப்பாங்க, அது 10 தாண்டிதான் வரும். 2023 செப்டம்பர்ல அந்த இஎம்ஐ பவுன்ஸ் ஆயிடுச்சு.

அதே மாசம் 15ஆம் தேதி முதல் தடவையா மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபா வருதுன்னு ஊரே பேசிச்சு, எனக்கும் மெசேஜ் வந்துச்சு, சந்தோஷமா பஸ் ஏறிப் போனேன். பாஸ்புக்க நான் ரேஷன் கார்டு கவர்லதான் வச்சிருப்பேன், இங்க ஈரத்துக்கு பக்கம் பக்கமா ஒட்டிக்கும். மெஷின்ல விட்டா டர்ருனு ஓடி வெளிய வருது, பாத்தா 1000 வரவு, அதுக்கு கீழ 590, அதுக்கும் கீழ 354, மிச்சம் 56 ரூபா. மை காயாம இருந்துச்சு, விரல் பட்டு அந்த 56 லேசா இழுபட்டுச்சு, அந்தப் பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கு. அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டேன். பையனுக்கு ஸ்வெட்டர் வாங்கித் தரேன்னு சொல்லிட்டு வந்திருந்தேன்.

கவுண்டர்ல கேட்டா சிஸ்டம் எடுத்துருச்சும்மா எங்க கைல ஒண்ணுமில்லன்னாங்க. அதுக்கப்பறம்தான் தெரிஞ்சுது இது எனக்கு மட்டும் நடக்கல, தமிழ்நாடு பூரா நடந்திருக்கு, அப்ப இருந்த நிதி அமைச்சர் தங்கம் தென்னரசே உரிமைத் தொகையில பேங்குங்க பிடித்தம் பண்ணக் கூடாதுன்னும், பிடிச்சா முதல்வர் உதவி நம்பர் 1100க்கு போன் பண்ணி புகார் குடுக்கலாம்னும் அறிக்கை விட்டிருந்தாரு. நானும் பண்ணேன், பேரு கணக்கு நம்பர் எல்லாம் எழுதிக்கிட்டாங்க.

ஆனா வேலைக்கு ஆனது லெட்டர்தான். எங்க மகளிர் குழு ரெப்ரசென்டேட்டிவ் அக்கா உக்கார வச்சு எழுத வச்சாங்க. மினிமம் பேலன்ஸ் குறைஞ்சா பேங்க் முதல்ல மெசேஜ்லயோ லெட்டர்லயோ சொல்லணும், ஒரு மாசம் டைம் குடுக்கணும், அதுக்கப்பறம்தான் சார்ஜ் போடணும், அதுவும் எவ்வளவு குறையுதோ அதுக்கு ஏத்த மாதிரிதான், அந்த சார்ஜால கணக்கு மைனஸ்ல போகவும் கூடாது. இது ரிசர்வ் பேங்க் 2014 நவம்பர்ல போட்டது, 2015 ஏப்ரல் 1லேருந்து இருக்கு. அதனால லெட்டர்ல நாங்க சண்டையே போடல, எனக்கு எந்தத் தேதில தகவல் சொன்னீங்க, அதுக்கு காப்பி குடுங்கன்னு மட்டும் கேட்டோம். ரெண்டு காப்பி எழுதி ஒண்ணுல சீல் வாங்கிட்டு வந்தேன். சீல் போட மாட்டேன்னாங்க, அரை மணி நேரம் அங்கயே நின்னேன், போட்டாங்க. தயவு செஞ்சு சீல் இல்லாம திரும்பி வராதீங்க.

19 நாள் கழிச்சு 354 திரும்பி வந்துச்சு, அது மினிமம் பேலன்ஸ் சார்ஜ். தகவல் அனுப்பினதுக்கு அவங்ககிட்ட எந்த ரெக்கார்டும் இல்லையாம். 590 வரல, அது இஎம்ஐ பவுன்ஸ் சார்ஜ், 500 ப்ளஸ் ஜிஎஸ்டி, அத கேக்க முடியாதுன்னு எனக்கும் புரிஞ்சுது. அதுக்கு ஃபைனான்ஸ் ஆபீஸ்ல சொல்லி தேதிய 15க்கு மாத்திக்கிட்டேன், அத ஆரம்பத்துலயே செஞ்சிருக்கணும். கணக்கையும் பேசிக் சேவிங்ஸ் கணக்கா மாத்த எழுதிக் குடுத்தேன். அதுல மினிமம் பேலன்ஸே கிடையாது, ஏடிஎம் கார்டு ஃப்ரீ, மாசம் நாலு தடவ காசு எடுக்கலாம். அதெல்லாம் இங்க இல்லம்மான்னுதான் முதல்ல சொன்னாங்க. எல்லா பேங்க்லயும் குடுத்தே ஆகணும்.

30 நாள்ல பேங்க் பதில் சொல்லலன்னாலோ, சொன்ன பதில் சரியில்லன்னாலோ பேங்க் மேல வர்ற புகார விசாரிக்க ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மன் இருக்காங்க, காசு கிடையாது, விவரம் கேக்க 14448. எனக்கு அது வரைக்கும் போக வேண்டி வரல. வேற யாருக்காவது ஆகி இருந்தா எழுதுங்க.

*

கூடலூர்லேருந்து எழுதுறேன்க்கா. எனக்கு பேங்க் இல்ல, பழைய கடன். 2014ல அம்மா ஆஸ்பத்திரி செலவுக்கு 40,000 பர்சனல் லோன் எடுத்தேன், 2016 வரைக்கும் கட்டினேன், இஞ்சி போட்டு நஷ்டமாகி அதுக்கப்பறம் முடியல. 2024ல பேரே கேள்விப்படாத ஒரு கம்பெனிலேருந்து போன், அந்தக் கடன நாங்க வாங்கிட்டோம், 1,38,000 கட்டணும்னு. வாட்ஸப்ல சீல் வச்ச கோர்ட் நோட்டீஸ் மாதிரி ஒண்ணு வந்துச்சு, பாத்ததும் கை காலெல்லாம் நடுங்கிருச்சு. அப்பறம் அந்தப் பையன் நல்லவன் மாதிரி பேசுறான், அண்ணா இன்னைக்கு ஒரு 2,000 டோக்கன் மட்டும் போடுங்க, ரெண்டு வரி எழுதி கையெழுத்து போட்டு அனுப்புங்க, மிச்சத்த செட்டில்மெண்ட்ல குறைச்சுக்கலாம்னு. நான் கடன் கேட்டு 2,000 ரெடி பண்ணிட்டேன். எங்க மச்சானுக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தினதால அவர்தான் கோவத்துல என்னய கூடலூர் கோர்ட்டுக்கு இழுத்துட்டு போனாரு, வட்ட சட்டப் பணிகள் குழுன்னு அங்கயே இருக்கு, இலவசமா வக்கீல் பாத்து பேசுனாங்க.

அவங்க சொன்னது: அடமானம் இல்லாத கடனுக்கு கடைசியா கட்டுனதுலேருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். அந்த 3 வருஷம் முடியறதுக்குள்ள நாம கொஞ்சம் கட்டினாலோ, கடன ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தாலோ, மறுபடி முதல்லேருந்து 3 வருஷம் எண்ணுவாங்க. முடிஞ்சதுக்கு அப்பறமும் கட்டுறேன்னு எழுதிக் கையெழுத்து போட்டா அது புது ஒப்பந்தம் மாதிரி. அவன் கேட்ட அந்த ரெண்டு வரி அதுக்குதான்! வீடு நிலம் அடமானம் வச்ச கடனுக்கு இந்த 3 வருஷக் கணக்கு பொருந்தாது, அத குழப்பிக்காதீங்க.

ரிஜிஸ்டர் தபால்ல, கடன் என்னோடதுன்னு எங்கயும் சொல்லாம, அக்ரிமெண்ட் காப்பி, முழு ஸ்டேட்மெண்ட், கடன உங்களுக்கு மாத்துன பேப்பர் மூணும் அனுப்புங்கன்னு கேட்டோம். தபால் அட்டைல கையெழுத்து மட்டும் திரும்பி வந்துச்சு, பேப்பர் இன்னைக்கு வரைக்கும் வரல. சொந்தக்காரங்கள தொந்தரவு பண்றதும், காலைல 8க்கு முன்னாடி ராத்திரி 7க்கு மேல போன் பண்றதும் ரிசர்வ் பேங்க் 2022 ஆகஸ்ட்லயே கூடாதுன்னு சொன்னது, அதையும் தபால்ல எழுதினோம். அதுக்கப்பறம் மச்சானுக்கு போன் வரல. பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வருமானமே பாக்காம இலவச வக்கீல் உண்டு, 15100க்கு போட்டு கேளுங்க.

*

குன்னூர். குழு லோன் வாங்கினவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன், எங்க தெருவுல ஒரு பொண்ணு கட்ட முடியலன்னு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அவ வீட்டு வாசல்லயே ஒருத்தர் உக்காந்திருந்தாரு, அவ உள்ள கதவ சாத்திட்டு குழந்தைக்கு சோறு கூட ஊட்டாம இருந்தா. இந்தக் குழு லோன் மாதிரி மைக்ரோ ஃபைனான்ஸ்ல காலைல 9லேருந்து சாயங்காலம் 6 வரைக்கும்தான் கூப்பிடலாம், ரெண்டு பேரும் பேசி வச்ச இடத்துலதான் வசூல், அங்க தொடர்ந்து ரெண்டு தடவையாவது போகாம இருந்தாதான் வீட்டுக்கு வரலாம். 2022 ஏப்ரல்லேருந்து இதான் ரூல். மாசத் தவணை எல்லாம் சேந்து குடும்ப வருமானத்துல பாதிய தாண்டக் கூடாதுன்னும் இருக்கு, அவளுக்கு மூணு கம்பெனி போட்டி போட்டு குடுத்திருக்காங்க.

*

கோத்தகிரிதான் மறுபடியும். குன்னூர் அக்கா, அந்தப் பொண்ணோட மூணு லோன் கார்டையும் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, எந்தக் கம்பெனி, எந்தத் தேதி, எவ்வளவு தவணைன்னு. கூடலூர் தம்பி, நல்ல வேள நீங்க அந்த 2,000 போடல. எங்க லைன் அக்காவோட லெட்டர நேத்து ராத்திரி எழுதி முடிச்சோம், ரெண்டு காப்பி. இப்ப பனி கொட்டி கொழுந்து கருகிப் போச்சு, வேலையும் கம்மிதான், அதனால திங்கக்கிழம காலைல முதல் பஸ்ல நானே அவங்கள கூட்டிட்டு போறேன்.