மாணவர் பேரவைக்கு நின்றால் அய்க்கஃப் செயலர் பதவியை விட வேண்டுமா?

கேள்வி – இரண்டாம் ஷிஃப்ட்காரன்

வணக்கம். கத்தோலிக்கத் துறவற சபை ஒன்று நடத்தும் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு, ஷிஃப்ட் 2. கல்லூரிப் பெயர் வேண்டாமே. நான் இந்து. முதலாண்டில் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால் அய்க்கஃப் (AICUF, அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு) கூட்டத்துக்குப் போனேன். பிடித்துப்போனது. இந்த வருடம் செயலராகவும் ஆக்கிவிட்டார்கள்.

இப்போது மாணவர் பேரவைத் தேர்தல் வருகிறது. எங்கள் கல்லூரியில் வகுப்புப் பிரதிநிதிகள் மட்டும்தான் ஓட்டுப் போடுவார்கள். துணைத்தலைவர் பதவிக்கு நிற்க எனக்கு ஆசை. அய்க்கஃப் ஆலோசகர் ஃபாதர் கூப்பிட்டு, "நில்லுப்பா, நல்லதுதான். ஆனா ஜெயிச்சா இங்க செயலரா இருக்காத" என்றார். வகுப்பிலோ வேறு பாட்டு: "நீ ஃபாதர் ஆளு, மேனேஜ்மென்ட்டை எதிர்த்து எப்படிப் பேசுவ?"

இரண்டு பதவியையும் ஒருவரே வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 – பழைய மாணவன், 2010

தம்பி, ஃபாதர் சொன்னது சரி. நான் அதைக் கேட்காமல் இரண்டையும் வைத்துக்கொண்டு மாட்டியவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2009-இல் நான் பேரவைச் செயலர். அதே நேரம் அய்க்கஃப் யூனிட்டுக்குத் தலைவர். யாரும் தடுக்கவில்லை, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முதல் வெள்ளி பூசைக்கு ஆள் சேர்ப்பதும் நான், கல்லூரி நாளுக்கு மைக் செட் பேசி முடிப்பதும் நான்.

எங்கள் ஷிஃப்ட் 2 வகுப்பு மதியம் 1.30 முதல் மாலை 6.30 வரை. நூலகம் 5.30-க்கு மூடிவிடும். காலையில் வரலாமே என்பார்கள். பாதிப் பேர் காலையில் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். என் பெஞ்சில் இருந்தவன் விடிகாலை பால் வண்டியில் போவான். அய்க்கஃப் கூட்டத்தில் இதைப் பேசி, இரவு எட்டு வரை நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினோம். நீலப் பேனாவில், கோடு போட்ட இரண்டு தாளில், நான்தான் எழுதினேன். கையெழுத்து மட்டும் முந்நூறுக்கு மேல் வந்தது.

அடுத்த வாரம் பேரவைக் கூட்டம். முதல்வர் அந்த மனுவை மேசை மேல் என் பக்கம் தள்ளி, "செயலர், இதைப் படிச்சுட்டு மாணவர் தரப்புக் கருத்தைச் சொல்லுங்க" என்றார். என் கையெழுத்தையே நான் சத்தம் போட்டுப் படித்தேன். பக்கத்தில் இருந்த கல்ச்சுரல் செக்ரட்டரி குனிந்து சிரிக்கிறான். படித்து முடித்ததும் முதல்வர், "எழுதினதும் நீங்க, கருத்து சொல்றதும் நீங்க. அப்ப மாணவர்கள்ங்கிறது யாரு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார், அதுதான் தாங்கவில்லை. மனு அந்த வருடம் கிடப்பில் போனது.

பேரவையில் இருக்கிறவன் நாலு பேரோடு உட்கார்ந்து பேசி, பாதி கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அய்க்கஃப் அந்த மாதிரி அமைப்பு இல்லை. 1924-இல் தொடங்கியது, வெறும் பக்திச் சபையாக நின்றுவிடவில்லை. 1970 பூந்தமல்லி அறிக்கையை ஃபாதரிடம் கேட்டு வாங்கிப் படித்துப் பார். அநீதியான சமூகத்தில் பிறந்திருக்கிறோம், பார்த்தபடியே அதை விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று மாணவர்கள் அறிவித்த அறிக்கை. அந்த வேலைக்கு மேசையின் இந்தப் பக்கம் ஆள் வேண்டும். மேசைக்கு இரண்டு பக்கமும் நீயே உட்கார்ந்தால் யாரிடம் கேட்பாய்?

உறுப்பினராக இரு, கூட்டத்துக்குப் போ. செயலர் பதவியை மட்டும் விடு. "ஃபாதர் ஆளு" பேச்சை விடு, ஜெயித்த பிறகு "மேனேஜ்மென்ட் ஆளு" என்பார்கள்.

பதில் 2 – கோட்டயத்தில் படித்தவள்

விதி கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில். மாணவர் பேரவைத் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் லிங்டோ குழு அறிக்கையை 2006-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அந்த வழக்கே கேரளத்துக் கல்லூரி முதல்வர்கள் ஒரு பக்கமும் பல்கலைக்கழகம் மறுபக்கமும் நின்றதுதான். இளநிலை மாணவர் என்றால் வயது 17 முதல் 22 வரை, போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும். செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அச்சடித்த போஸ்டர் ஒட்டக் கூடாது, கையால் எழுதியதுதான். நிர்வாகப் பதவிக்கு ஒரே ஒரு தடவைதான் நிற்கலாம், அதனால் யோசித்து நில்லுங்கள். வகுப்புப் பிரதிநிதிகள் ஓட்டுப் போடும் முறைக்கும் அதில் இடம் உண்டு. நீங்கள் கேட்ட இரட்டைப் பதவிக்குத் தடை அதில் கிடையாது. உங்கள் பேரவைக்கென்று சட்டதிட்டம் இருக்கும், டீன் அலுவலகத்தில் கேளுங்கள்.

எங்கள் கல்லூரியில் கட்சிக் கொடி உள்ளே வரக் கூடாது என்பார்கள். வாசலுக்கு வெளியே மூன்று கட்சிக் கொடிக்கம்பமும் இருக்கும்!

பதில் 3 – மகளிர் கல்லூரி ஆசிரியை

முதல் பதில் எழுதியவரோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். எந்தச் சபை என்பதைப் பொறுத்தது. மரியாயின் சேனையில் இருக்கிற பெண் பேரவைத் தலைவியாக இருந்தால் என்ன மோதல் வரப்போகிறது? செபமாலை சொல்வார்கள், வீடு சந்திக்கப் போவார்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையும் அப்படித்தான். 1833-இல் பாரிஸில் அதைத் தொடங்கிய ஓசானாமே அப்போது இருபது வயது மாணவர். அய்க்கஃப் மட்டும் தனி ரகம், அங்கே அவர் சொல்வது பொருந்தும்.

எனக்குத் தெரிந்து சண்டை வருவது கொள்கையால் இல்லை, காசால்தான். ஒரு வருடம் எங்கள் மாணவி ஒருத்தி இரண்டு அமைப்புக்கும் பொருளாளர். கிறிஸ்துமஸ் குடில் போட்ட செலவு எந்த நோட்டில் ஏற வேண்டும் என்று தெரியாமல் பிப்ரவரி வரை அலைந்தாள். 340 ரூபாய் வைக்கோலுக்கு! கடைசியில் ஹாஸ்டல் சிஸ்டர் தன் கையிலிருந்து கொடுத்து முடித்தார்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று ஃபாதரிடம் பேசிவிட்டேன். பேரவைச் சட்டதிட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம், அவராகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் விடுகிறேன். துணைச் செயலராக இருக்கும் பெண் பொறுப்பை எடுத்துக்கொள்வாள், என்னைவிட நன்றாகவே பேசுவாள். வகுப்பில் இன்னும் நம்பவில்லை, பார்ப்போம்.

பழைய மாணவன் அண்ணா, எங்கள் நூலகம் 5 மணிக்கே மூடுகிறது. அந்த மனுவின் நகல் இருக்கிறதா?

பழைய மாணவன், 2010

வீட்டு அட்டைப்பெட்டியில் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை தேடி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அந்தப் பெண்ணை எழுதச் சொல்.