உருகிய சிறுநீர் மாதிரிகளில் அல்புமின் குறைகிறது: எங்கே தவறு?

கேள்வி (உறைபெட்டி):

சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரக ஆய்வு ஒன்றில் மாதிரிகளைக் காப்பது என் வேலை. மூன்று ஆண்டுகளாக மைனஸ் 20 டிகிரியில் இருந்த குழாய்களில் இருபதைப் போன வாரம் உருகவைத்தேன். அடியில் செங்கல் தூள் போல இளஞ்சிவப்பு வண்டல். அதைச் சுழற்றும் எந்திரத்தில் சுழற்றி ஒதுக்கிவிட்டு, மேல்நீரில் அல்புமினை (சிறுநீரகம் பழுதானால் சிறுநீரில் கசியும் புரதம்) அளந்தேன். எடுத்த அன்று ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (சிறுநீரின் அடர்த்தியைச் சரிபார்க்க ஒப்பிடும் கழிவுப்பொருள்) 41 மி.கி. அல்புமின் இருந்தவருக்கு இப்போது 26. பாதிப்பு என்று கொள்ளும் எல்லை 30, பாதிப்புள்ளோர் பட்டியலிலிருந்தே அவர் விழுந்துவிடுகிறார். கிரியேட்டினின் அசையவில்லை. விடிகாலையில் வந்து வரிசையில் நின்று கொடுத்தவர்களின் மாதிரி இது. கொட்ட மனம் வரவில்லை.

பதில் (பழைய டெக்னீஷியன்):

கொட்டாதே தம்பி. அது யூரேட், அதாவது யூரிக் அமில உப்பு, குளிரில் படிவது. 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். பிறகு குழாயைப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கு. உறையும்போது அல்புமினும் வண்டலோடு சேர்ந்து இறங்கும். கலக்காமல் சுழற்றினால் அளக்க வேண்டியதையே ஒதுக்கிவிடுகிறாய். காரத்தன்மையையும் (பிஎச் அளவு) பார். பிஎச் 8-ஐத் தாண்டியிருந்தால், உறைவதற்கு முன் வெளியே கிடந்து பாக்டீரியா பெருகியதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

பதில் (எண்கணக்கு):

கலக்கிய பிறகும் குறைந்தால், மைனஸ் 20-உம் காரணமாக இருக்கலாம். அந்தக் குளிரில் அல்புமின் நாளடைவில் சிதைகிறது; மைனஸ் 80-இல் இழப்பு மிகக் குறைவு. எல்லா மாதிரியிலும் ஒரே அளவு குறைவதில்லை என்பதுதான் பெரிய தொல்லை. ஆகவே ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிச் சரிசெய்யும் யோசனைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு குழாயும் எத்தனை முறை உருகியது, மின்வெட்டில் பெட்டி எவ்வளவு நேரம் நின்றது என்ற பதிவேடு இருக்கிறதா?

உறைபெட்டி:

ஐயா, மிக்க நன்றி. பத்துப் பேருக்கு இரண்டாவது குழாய் தொடாமல் இருந்தது. நீங்கள் சொன்னபடி கரைத்துக் கலக்கினேன். 26 காட்டியவருக்கு 38 வந்தது. எட்டுப் பேருக்குப் பழைய அளவை ஒட்டியே வந்துவிட்டது. மீதி இரண்டும் ஏறவில்லை. அந்த இரண்டு குழாய்களின் பிஎச்சும் 8-க்கு மேல். உருகிய கணக்கு பதிவேட்டில் இருக்கிறது, மின்வெட்டு நேரம் இல்லை. இன்றே பெட்டிக் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன்.