ராணுவ ஆசுபத்திரியிலிருந்து அப்பாரு எழுதிய கடிதங்களில் ஆத்தாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே, ஏன்?

கேள்வி: கொறங்காட்டான்

காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டைப் பிரித்துக் கட்டும்போது, அட்டாலியில் கிடந்த தகரப் பெட்டியில் என் அப்பாரு (அப்பாவின் அப்பா) எழுதிய ஐந்து கடிதங்கள் கிடைத்தன. அவர் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, 1944-இல் மணிப்பூர் மலைகளில் பாலம் போடும் வேலையில் இருந்தபோது வலது முழங்கைக்கு மேலே குண்டு பாய்ந்து, நாலைந்து மாதம் ராணுவ ஆசுபத்திரியில் கிடந்தவர். கல்யாணமாகி ஓராண்டு நிறைவதற்குள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்.

ஐந்து கடிதங்களும் 'மகாராஜராஜஸ்ரீ அப்பா அவர்களுக்கு' என்றுதான் தொடங்குகின்றன. முதல் நான்கும் வேறு யாருடைய கையெழுத்திலோ அச்சுக் கோத்ததுபோல இருக்கின்றன. ஐந்தாவது மட்டும் அவர் இடது கையால் கோணல்மாணலாக எழுதியது. மாவுக்கட்டுக்குள் அரிப்புத் தாங்காமல் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுச் சொறிந்துகொள்வதாகவும், உடம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர், கம்பு விளைந்ததா, கிளுவை வேலியில் சந்து விழுந்த இடத்தை அடைத்தாயிற்றா, மாடு கன்று எப்படி இருக்கின்றன என்று கேட்டிருக்கிறார். அவர் பெண்டாட்டியான என் ஆத்தாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஆத்தாவோ இந்தக் கடிதங்களைத் தன் பழைய சேலைத் துணியில் சுற்றிச் சாகும்வரை வைத்திருந்தார்.

அப்பாருவுக்கு ஆத்தாவின் நினைப்பே வரவில்லையா? மூன்றாவது கடிதத்தில் ஒரு வரி கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஏதேனும் எழுதியிருப்பாரா? ராணுவ விவரம் தெரிந்தவர்களும் பழைய கடிதங்களைப் பார்த்தவர்களும் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: சூலூர்ச் சிப்பாய்

தம்பி, நான் ராணுவ மருத்துவப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், தெரிந்தவரை சொல்கிறேன். உடம்பு மஞ்சளானது காமாலையால் அல்ல. மலேரியாவுக்காகத் தினமும் கொடுக்கப்பட்ட மெபக்ரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கிவிடும். அதைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று வதந்தி பரவியிருந்ததால், பலர் வாயில் ஒதுக்கி வைத்திருந்து துப்பிவிடுவார்கள். ஆகவே வரிசையில் நிறுத்தி, அதிகாரியின் கண்ணெதிரே விழுங்க வைத்தார்கள். 1943-இல் அந்தப் போர்முனையில் காயம்பட்டு ஒருவர் பின்னால் அனுப்பப்பட்டால், நோயால் 120 பேர் அனுப்பப்பட்டார்கள் என்று அங்கே போரிட்ட பிரிட்டிஷ் பதினான்காம் படையின் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். 1944-க்குள் நிலைமை வெகுவாகத் தேறிவிட்டது என்றாலும், உங்கள் அப்பாருவின் பக்கத்துக் கட்டில்களில் குண்டு பட்டவர்களைவிடக் குளிர்காய்ச்சலில் நடுங்கியவர்களே மிகுதியாக இருந்திருப்பார்கள்.

1944 மார்ச் கடைசியில் கோஹிமா–இம்பால் சாலையை ஜப்பானியர் துண்டித்துவிட்டனர்; ஜூன் 22-ஆம் தேதிதான் அது மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் அரிசியும் வெடிமருந்தும் கொண்டுவந்த விமானங்களே திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றிச் சென்றன. உங்கள் அப்பாரு அந்த மாதங்களில் அடிபட்டிருந்தால், முதன்முதலாக விமானம் ஏறியதே அப்படிப் படுத்த படுக்கையாகத்தான் இருக்கும்.

அடிக்கப்பட்ட வரியில் ஆத்தாவைத் தேட வேண்டாம். ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர், படைப்பிரிவின் இருப்பிடம் ஆகியவற்றை எழுதக் கூடாது. அனுப்புநர் முகவரியில்கூடக் கள அஞ்சலகத்தின் எண் மட்டுமே இருக்கும். பெண்டாட்டியைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் தணிக்கை அதிகாரி அதற்காக மையைத் தொட்டிருக்க மாட்டார்.

பதில்: பவானி ஆசிரியை

தணிக்கை அதிகாரிக்கு அஞ்சியதைவிட வீட்டுத் திண்ணைக்குத்தான் அவர் அஞ்சியிருப்பார். அந்தக் கடிதம் எத்தனை பேர் வாயையும் காதையும் கடந்து போனது என்பதை எண்ணிப் பாருங்கள். வலது கை கட்டில் இருந்ததால், வார்டில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுத வைத்திருக்கிறார். ஊரில் பள்ளிக்கூடத்து வாத்தியாரோ தபால்காரரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்திருப்பார். மாமனார், கொழுந்தன்மார், பங்காளிகள் எல்லோரும் கேட்டிருக்க, உங்கள் ஆத்தா கதவுக்குப் பின்னால் நின்றிருப்பார். பெற்ற தகப்பனுக்கு எழுதும் கடிதத்தில் பெண்டாட்டியை விசாரிப்பது அன்றைக்கு வெட்கங்கெட்ட செயல். அதனால்தான் தன் கையாலேயே எழுதிய ஐந்தாவது கடிதத்திலும் அவர் வாய் திறக்கவில்லை.

நேராகச் சொல்ல முடியாததைச் சுற்றிச் சொல்வது சிப்பாய்களுக்குப் புதிதல்ல. முதல் உலகப் போரில் பிரான்சில் அடிபட்ட இந்தியச் சிப்பாய்களை, பிரைட்டன் நகரத்தில் அரண்மனையாக இருந்த கட்டடத்தை 1914 கடைசியில் ஆசுபத்திரியாக மாற்றிப் படுக்க வைத்தார்கள். அக்காலத்துச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களில் இந்தியப் படையினர் கருமிளகு என்றும் வெள்ளையர் செம்மிளகு என்றும் குறிக்கப்பட்டனர். போர் நிலவரத்துக்கே மிளகு தேவைப்பட்டது என்றால், பெண்டாட்டிக்கு என்ன தேவைப்பட்டிருக்கும்! மாடு கன்றைப் பற்றி அவர் எழுதிய வரிகளை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

பதில்: உடுமலை மேட்டாங்காடு

டீச்சர் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனாலும் குடியானவன் மாட்டைப் பற்றிக் கேட்டால் அவன் மாட்டைப் பற்றித்தான் கேட்கிறான். நானே நாலு நாள் வெளியூர் போனால் முதலில் கட்டுத்தறியைத்தான் விசாரிப்பேன், அதற்காக என் வீட்டுக்காரி இன்றுவரை கோபித்துக்கொள்கிறாள். எல்லாவற்றுக்கும் உள்ளர்த்தம் தேடிக்கொண்டிருந்தால் கடைசியில் கம்பும் கிணறும்கூட உங்கள் ஆத்தாவாகிவிடும்.

மறுமொழி: கொறங்காட்டான்

அனைவருக்கும் நன்றி. இரண்டாவது கடிதத்தில், 'நான் புறப்படும்போது ஈன்றிருந்த கிடாரிக் கன்று இன்னும் செவலையாகத்தான் இருக்கிறதா, நிறம் மாறிவிட்டதா' என்று இருக்கிறது. மூன்றாவதிலும் நான்காவதிலும், 'மயிலை மாட்டை இப்போது யார் கறக்கிறார்கள்? அது கண்டவர் கைக்குச் சுரப்பு விடாதே' என்று ஒரே கேள்வி இரண்டு முறை வருகிறது. ஐந்தாவதில் மாட்டைப் பற்றி எதுவுமே இல்லை.

பதில்: உடுமலை மேட்டாங்காடு

கன்றைப் பற்றிக் கேட்டதில் அதிசயம் இல்லை. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாத அளவில் மயிலைக்கு, அதாவது சாம்பல் நிறத்துக்கு, மாறும்; ஊரை விட்டுப் போய் எவ்வளவு காலமாயிற்று என்று கணக்குப் பார்த்திருப்பார். ஆனால் கறக்கும் ஆளை இரண்டு முறை கேட்டது எனக்கும் இடிக்கிறது. கிணற்றை ஒரு முறைதானே கேட்டார்? அந்த மாடு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் பெரியவர்கள் யாரையாவது கேளுங்கள்.

மறுமொழி: கொறங்காட்டான்

நேற்று பெருந்துறைக்குப் போய் என் அத்தையைப் பார்த்து வந்தேன். அந்த மயிலை மாடு ஆத்தாவின் பிறந்த வீட்டார் சீராகக் கொடுத்தது. தாராபுரம் பக்கத்திலிருந்து ஆத்தா வந்த வண்டியின் பின்னாலேயே கட்டி ஓட்டி வந்தார்களாம். ஆத்தா ஒருவரைத் தவிர வேறு யார் போனாலும் எட்டி உதைக்குமாம். புருசன் பட்டாளத்தில் இருக்கும் சிறுவயதுப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவது அன்றைக்கு வழக்கம் என்றும், ஆத்தாவின் அண்ணன்மார் இரண்டு முறை வண்டி கட்டிக்கொண்டு வந்தும் ஆத்தா போக மறுத்துவிட்டார் என்றும் அத்தை சொன்னார். அவள் இங்கே இருக்கிறாளா, போய்விட்டாளா என்பதைத்தான் அப்பாரு கேட்டிருக்கிறார்.

நான்காவது கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்த வாத்தியார், "மாட்டைக் கறக்கிறது யாருன்னு உங்க பையன் மறுபடியும் கேக்கறானுங்களே, என்னன்னு எழுதட்டும்?" என்று திண்ணையில் இருந்தவர்களைக் கேட்டாராம். ஆண்கள் யாரும் சொல்வதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து ஆத்தாவின் குரல் வந்ததாம்: "மாடு நம்ம கட்டுத்தறியிலயேதான் நிக்குது, கறக்கற கையும் மாறலைன்னு எழுதச் சொல்லுங்க."