பிளஸ் டூ மகளுக்கு நாலு மணி நேரம்தான் தூக்கம், என்ன செய்வது?

பாபநாசத்துக்காரன்:
மகள் பிளஸ் டூ, உயிரியல் குரூப். வீடு பாபநாசம் பக்கம் ஒரு கிராமம், பள்ளிக்கூடம் கும்பகோணத்தில். ராத்திரி ஒரு மணிக்குத்தான் லைட்டை அணைக்கிறாள். ஐந்து மணிக்கு என் அம்மா எழுப்பிவிடுகிறார், ஏனென்றால் ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால் ஆறரை மணி பிசிக்ஸ் டியூஷன் போச்சு. சாயங்காலம் வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஊஞ்சலில் சாய்ந்தால் ஏழு, ஏழரை வரை தூக்கம். எழுந்தால் தலைவலி, எரிச்சல், தம்பியோடு சண்டை. அப்புறம் ஒரு டம்ளர் திக்கான காபி, அதோடு நடுராத்திரி தாண்டியும் கண் மூடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றுக்கு முன்னால் எழுந்ததே கிடையாது.

போன மாதத் தேர்வில் நன்றாகத் தெரிந்த கணக்கிலேயே கூட்டல் குறியைக் கழித்தல் என்று பார்த்துப் போட்டிருக்கிறாள். "வைகறையில் படிச்சாத்தான் மண்டையில ஏறும்" என்கிறார் அம்மா. "டியூஷனை நிறுத்துங்க, புள்ள தூங்கட்டும்" என்கிறாள் மனைவி. இது வயசா, செல்போனா, வேறு ஏதாவதா? பிள்ளைகளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுத்தெரு:
நாங்களெல்லாம் நாலு மணிக்கு எழுந்து அரிக்கேன் வெளிச்சத்தில் படித்தவர்கள். மார்கழியில் கோயில் ஸ்பீக்கர் போடுவதற்கு முன்னாலேயே புத்தகம் கையில் இருக்கும். போனைப் பிடுங்கி பீரோவில் வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

வெண்ணாறு டீச்சர்:
மேட்டுத்தெரு ஐயா, நாலு மணிக்கு எழுந்தீர்கள், சரி. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா? எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குள் திண்ணையில் பாய். ஏழு மணி நேரம் ஆயிற்று இல்லையா? இந்தப் பெண்ணுக்கு எழுப்புவதை மட்டும் உங்கள் காலத்து மணிக்கு வைத்துக்கொண்டு படுப்பதை இந்தக் காலத்துக்கு விட்டுவிட்டோம்.

பாபநாசம் சார், 13லிருந்து 18 வயது வரைக்கும் தினமும் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. அதோடு, தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் பருவ வயதில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்கும். ஒன்பதரைக்குப் படு என்றால் படுப்பாள், தூக்கம்தான் வராது. இது தெரிந்துதான் கலிபோர்னியாவில் 2022 ஜூலையிலிருந்து பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் ஆரம்பிக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நம்மூரிலும் பள்ளிக்கூடம் ஒன்றும் விடியற்காலையில் ஆரம்பிப்பதில்லை. ஆறரைக்கு இழுப்பது டியூஷன்தான்.

காபி பற்றி ஒரு வார்த்தை. குடித்த காஃபீனில் பாதி கரையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஏழரைக்குக் குடித்தால் பன்னிரண்டரைக்கும் பாதி உள்ளே இருக்கிறது. சாயங்காலம் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்த உடம்பு வேறு, அப்புறம் எப்படித் தூக்கம் வரும்?

என் வகுப்பில் முதல் பீரியடிலேயே இதைப் பார்க்கலாம். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், கண்கூடத் திறந்திருக்கும், ஆனால் நோட்டைப் பார்த்தால் பாதி வார்த்தையில் எழுத்து நின்று பேனா மட்டும் கீழே ஒரு கோடாக வழுக்கிக்கொண்டு போயிருக்கும். அந்த நேரத்தில் சாக்பீஸ் எறிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, முகம் கழுவிவிட்டு வரச் சொல்வேன். படித்தது மனதில் தங்கவே தூக்கம் வேண்டும் என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1924லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களை அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள், விழித்திருந்த நேரத்தைவிடத் தூங்கி எழுந்தபோதுதான் அதிகம் நினைவில் இருந்தது.

கோட்டூர் பையன்:
டீச்சர் சொல்வது சரி, ஆனா எல்லார் வீட்டிலயும் போனும் டியூஷனும் மட்டும் காரணம் இல்லை. எங்க பக்கம் தை, மாசி வந்தால் அறுவடை மெஷின் ராத்திரியும் ஓடும், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நம்ம முறை வரும் வரைக்கும் காவல் இருக்கணும். பிளஸ் டூவில் அப்பா ஒரு ராத்திரி நான் ஒரு ராத்திரி என்று தார்ப்பாய்க்குப் பக்கத்தில்தான் படுத்தேன். மழை தூறினால் எழுந்து மூடணும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டாங்க. பொதுத்தேர்வும் அதே மாசியில்தான் வந்து நிற்கும். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால் பஸ்ஸில் எல்லாரும் திட்டுவாங்க, நான் மட்டும் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிடுவேன்.

இன்னொன்று, பைக்கில் காலேஜ் போறவங்களுக்கு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் வரும் தடுமாற்றம் 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் இருப்பதற்குச் சமம் என்று 1997இல் ஓர் ஆய்வில் சொல்லியிருக்காங்க. நம்ம சட்டத்தில் வரம்பே 30 மி.கி.தான். காலையில் ஐந்துக்கு எழுந்தவன் ராத்திரி பத்துக்கு வண்டி ஓட்டினால் கணக்கு அங்கேதான் வருது. என் கூடப் படிக்கிறவன் ரோட்டில் காயப்போட்ட நெல்லைப் பார்க்காமல் அதன் மேலேயே விட்டு முட்டியைப் பெயர்த்துக்கிட்டான். சொட்டுக்கூடக் குடிக்காதவன்.

பாபநாசத்துக்காரன்:
டீச்சர், நீட் இருக்கே, இப்போது டியூஷனை நிறுத்தினால் பின்தங்கிவிட மாட்டாளா?

வெண்ணாறு டீச்சர்:
நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மாலையிலும் அதே பாடத்துக்கு ஒரு பேட்ச் இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். அப்புறம், நீட் நடப்பது மத்தியானம் இரண்டு மணிக்கு. பொதுவாகவே எல்லாருக்கும் கண் சொக்கும் நேரம், தூக்கம் பாக்கியோடு போனால் கேட்கவே வேண்டாம்.

மாயவரம் அக்கா:
நான் நர்ஸ். சாயங்காலத் தூக்கத்தை 20 நிமிடத்தில் அலாரம் வைத்து முடியுங்கள், காபியை நாலு மணிக்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடத் தூங்கட்டும், பதினொன்று வரை போனால் அன்று ராத்திரி மறுபடியும் கெட்டது. போனைப் பிடுங்க வேண்டாம், ராத்திரி கூடத்தில் எல்லார் போனும் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும்தான்.

தலைவலி, எரிச்சல் என்கிறீர்களே, ஒரு தடவை ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதுப் பெண்களுக்கு ரத்தசோகை சாதாரணம், அது இருந்தால் எட்டு மணி நேரம் தூங்கினாலும் அசதி போகாது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் காபியோடு விழுங்கவிடாதீர்கள், உடம்பில் சேராது.

பாபநாசத்துக்காரன்:
நன்றி அக்கா, டீச்சர், தம்பி. டியூஷன் சாரிடம் நாளைக்கே மாலை பேட்ச் கேட்கிறேன், சனிக்கிழமை ரத்தப் பரிசோதனை. ஐந்து மணிக்கு எழுப்பாதே என்று அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.