பழைய வேகன் ஆர் மைலேஜ்: ஹெச்ஹெச்ஓ செல் வீட்டிலேயே செய்து மாட்டலாமா?

சில்வர்பீச்:
வணக்கம். வண்டி 2013 வேகன் ஆர், 1.0 பெட்ரோல். தினமும் கடலூர் முதுநகர் – அரியாங்குப்பம். ஃபுல் டேங்க் கணக்கில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர்தான் வருகிறது. 316எல் ஸ்டீல் தகடு 7, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பப்ளர் (வாயுவைத் தண்ணீர் வழியே விடும் பாட்டில்), 30 ஆம்பியர் ரிலே வைத்து, தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜன்–ஆக்சிஜன் வாயுவாகப் பிரிக்கும் ஹெச்ஹெச்ஓ செல் ஒன்றை 20 ஆம்பியரில் ஓடும்படி செய்து, அந்த வாயுவை எஞ்சின் காற்று இழுக்கும் இன்டேக்கில் விட நினைக்கிறேன். பெட்ரோல் லைனில் காந்தம் மாட்டினால் கூடுதல் பலன் உண்டா?

முள்ளோடை:
செல் அமைப்பு சரிதான். 7 தகட்டுக்கு 6 அறை, அறைக்கு 2.3 வோல்ட். கணக்குதான் உதைக்கிறது. 20 ஆம்பியருக்கு நிமிடத்துக்குச் சுமார் 1.25 லிட்டர் வாயு வரும். அதிலுள்ள ஹைட்ரஜனின் எரிசக்தி 150 வாட். எஞ்சின் அதில் கால்வாசியைத்தான் சக்கரத்துக்குத் தரும், 40 வாட் என்று வையுங்கள். செல் இழுப்பது 13.8 வோல்ட் × 20 ஆம்பியர் = 276 வாட். ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்தால் பெல்ட் வழியாக எஞ்சின் கொடுப்பது 450 வாட்டுக்கு மேல். கொடுப்பது 450, திரும்பி வருவது 40.

இதோடு, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்க உதவும் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும் சர்க்யூட் ஒன்றையும் விற்கிறார்கள். அதைப் போட்டதும் மைலேஜ் ஏறியதுபோல் தெரிந்தால், காரணம் ஹைட்ரஜன் இல்லை, பெட்ரோல் கலவை மெலிந்ததுதான். மிஸ்ஃபயர், எஞ்சின் தட்டுவது, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட் வீணாவது எல்லாம் பின்னால் வரும். ஹைட்ராக்சைடு துளி தப்பி வந்தால் அலுமினியத்தை அரிக்கும். இன்டேக்கில் பேக்ஃபயர் ஆனால் (தீ பின்னோக்கிப் பாய்ந்தால்) பப்ளர் வெடிக்கும். தயவுசெய்து இதை வண்டியில் ஏற்றாதீர்கள். காந்தம் பெட்ரோலை ஒன்றும் செய்யாது. இதுபோன்ற மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-உம் குறுக்கே நிற்கும்.

கெடிலக்கரை:
அந்த ரூட்டில் 13 என்றால் வண்டியில் கோளாறு இருக்கிறது. எஞ்சின் விவரங்களை ஃபோனில் காட்டும் ஓபிடி ப்ளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கி, 15 நிமிடம் ஓட்டியபின் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். 80 டிகிரியைத் தாண்டி நிலையாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எஞ்சின் இன்னும் ஆறியிருக்கிறது என்று நினைத்து ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். லாங் டெர்ம் ஃப்யூல் டிரிம், அதாவது ஈசியு பெட்ரோலைத் தொடர்ந்து கூட்டியோ குறைத்தோ விடும் அளவு, பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து பிரேக். கடற்கரை உப்புக்காற்றில் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) நகர உதவும் ஸ்லைடு பின் துருவேறி இறுகுவது நம் பக்கத்தில் சகஜம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அதுதான் பிடிக்கிறது. பின்னைக் கழற்றித் துருவெடுத்து சிலிகோன் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும்.

சில்வர்பீச்:
65-க்கு மேல் ஏறவில்லை. ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) இல்லை! சூடேறுகிறதென்று முன்பு யாரோ எடுத்துவிட்டார்கள் போல. புதிது போட்டால் மறுபடி சூடேறுமா அண்ணா?

கெடிலக்கரை:
முதலில் சூடேறிய காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் ஏறும். ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் ரிலே, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் மூன்றையும் பாருங்கள். உப்புக்காற்றில் ஃபின் உதிர்ந்திருந்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டியிருக்கும்.

புது தெர்மோஸ்டாட்டை மாட்டுமுன் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அதில் குத்தியிருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். எஞ்சின் முழுதாக ஆறியபின்தான் வேலை. ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கி, ஆடும் சின்ன வால்வு மேலே இருக்கும்படி வைத்து, புது ரப்பர் சீல் போடுங்கள். கூலன்ட் கான்சன்ட்ரேட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படிந்து திரும்ப அடைக்கும். மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, குமிழி நிற்கும்வரை ஐடிலில் ஓடவிட்டு நிரப்புங்கள். மூடியைப் போட்டபின் ஃபேன் தானாக ஓடி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் எடுக்க வேண்டும்.

முள்ளோடை:
மைலேஜைப் பழைய கணக்கோடு ஒப்பிடும்போது ஒரே பங்கில், நாசில் தானாக நிற்கும் அளவோடு நிறுத்தி, மூன்று ஃபுல் டேங்க் சராசரி எடுங்கள். டயர் காற்றைக் காலையில் வண்டியை எடுக்குமுன் பார்க்க வேண்டும். இருபது சதவீத எத்தனால் பெட்ரோலில் லிட்டருக்கு ஆறேழு சதவீத சக்தி குறைவு. அந்தக் குறையை எந்த ரிப்பேரும் மீட்காது. 2013 வண்டி என்பதால் பெட்ரோல் ஹோஸ் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.