நாய் மூக்கும் 44 புள்ளியும்

கேட்டன்ஸ்வில்காரன்:
2017-18ல அமெரிக்காவுல பால்டிமோர் பக்கத்துல யூஎம்பிசிங்கிற மேரிலாண்ட் யூனிவர்சிட்டில எம்எஸ் படிச்சிட்டு இருந்தேன். அங்க பெருமை பேசுறதுன்னா செஸ் டீம்தான். கூடைப்பந்து டீம் இருக்குன்னே முதல் செமஸ்டர் முழுக்க எனக்குத் தெரியாது. ஜிம் வாசல்ல ட்ரூ கிரிட்னு ஒரு நாய்ச் சிலை உண்டு. பரீட்சைக்குப் போறவன் எல்லாம் அதோட மூக்கைத் தடவிட்டுப் போவான். உடம்பு கருத்துக் கிடக்கும், மூக்கு மட்டும் இப்பத்தான் புளி போட்டுத் தேய்ச்ச குத்துவிளக்கு மாதிரி மின்னும். நானும் தடவினேன். அல்காரிதம் பேப்பர்ல ஒண்ணும் நடக்கல.

ஜனவரில எங்க கூடைப்பந்து டீம் ஆல்பனி யூனிவர்சிட்டி கிட்ட 83-39னு தோத்தாங்க. 44 புள்ளி! "இது ஸ்கோரா, நம்ம மிட்டேர்ம் மார்க்கா"ன்னு ரூம்மேட் சிரிச்சான். அதுக்கப்புறம் யாரு பார்ப்பா?

மார்ச் 10ல வெர்மான்ட் டீமோட ஊர்ல கான்ஃபரன்ஸ், அதாவது எங்க வட்டார லீக், ஃபைனல். ஜெயிச்சா தேசியப் போட்டிக்கு டிக்கெட். வெர்மான்ட் கிட்ட வரிசையா 23 ஆட்டம் தோத்திருந்த டீம். கடைசி நொடில ஜைரஸ் லைல்ஸ் தூரத்துல இருந்து போட்ட மூணு புள்ளில 65-62னு ஜெயிச்சாங்க. அப்பத்தான் வாட்ஸப் குரூப்பே முழிச்சுது.

அடுத்தது வர்ஜீனியா. நாட்டுலயே முதல் இடம், 31 ஜெயிச்சு ரெண்டே தோல்வி. தெரியாதவங்களுக்கு: என்சிஏஏங்கிற அந்தக் காலேஜ் தேசியப் போட்டில நாலு பிரிவு, ஒரு பிரிவுக்கு 16 டீம், முதல் சுற்றுல பிரிவோட முதல் இடத்துக்காரனோட 16ஆவது ஆள் மோதணும். எங்க டீம்தான் அந்த 16. 1985ல இருந்து 135 தடவை மோதி, 135லயும் முதல் இடம்தான் ஜெயிச்சிருந்துது. மார்ச் 16 ராத்திரி, சும்மா கொஞ்ச நேரம் பார்ப்போம்னு டிவி போட்டு சாம்பாரை அடுப்புல வெச்சோம். பாதி ஆட்டம் 21-21. சரி, மானம் காப்பாத்திட்டாங்கன்னு எழுந்தேன். ரெண்டாவது பாதில அஞ்சடி எட்டங்குலம் இருக்கிற கே.ஜே. மௌரா, மலை மாதிரி நிக்கிறவங்க காலுக்கு நடுவுல பந்தைத் தட்டிட்டு ஓடறான், லைல்ஸ் எறியறது எல்லாம் விழுது. ஒரு ஆட்டம் முழுக்கவே எதிராளிக்கு சராசரியா 53, 54 புள்ளிதான் விட்ட வர்ஜீனியா மேல, அந்த ஒரே பாதில 53 புள்ளி. முடிவு 74-54. லைல்ஸ் மட்டும் 28. சாம்பார் கருகி ஸ்மோக் அலாரம் அடிச்சுது, ஒருத்தன் கூட எழுந்திருக்கல.

அப்போ எங்க டீம் கோச்சா இருந்த ரயன் ஓடம் சின்ன வயசுல அதே வர்ஜீனியா டீமுக்குப் பந்து எடுத்துக் கொடுத்த பையனாம். மறுநாள் இதைப் படிச்சப்ப சிரிப்பு வந்துது.

சார்லட்ஸ்வில்_அக்கா:
தம்பி, நான் அந்தப் பக்கம். வர்ஜீனியா யூனிவர்சிட்டில லேப்ல இருந்தேன். எங்க டீம்ல முக்கியமான ஆட்டக்காரர் டிஆண்ட்ரே ஹண்டருக்கு மணிக்கட்டு உடைஞ்சு அவர் ஆடவே இல்ல, அதை யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க. சரி, 20 புள்ளில தோத்துட்டு அதைச் சொல்றது நல்லா இல்லைதான்.

மறுவருஷம் அதே போட்டில எங்க டீம் முதல் சுற்றுல கார்ட்னர்-வெப் கூட 14 புள்ளி பின்தங்கினாங்க. லேப்ல யாரும் வாய் திறக்கல. எங்க புரொஃபசர் எழுந்து வெளிய போயிட்டார், ஜெயிச்ச பிறகுதான் உள்ள வந்தார். பர்டூ கூட எக்ஸ்ட்ரா டைம். ஆபர்ன் கூட 0.6 நொடி பாக்கி, கைல் கைங்கிற எங்க ஆட்டக்காரர் மூணு ஃப்ரீ த்ரோவும் (ஃபவுலுக்காகக் குடுக்கிற, யாரும் மறிக்காத எறி) போட்டு 63-62னு ஜெயிச்சோம். நான் அதைப் பார்க்கல, தலையணைக்குள்ள முகம். ஏப்ரல் 8 ஃபைனல் மினியாபொலிஸ்ல, டெக்சாஸ் டெக் கூட மறுபடி எக்ஸ்ட்ரா டைம், 85-77னு ஜெயிச்சு சாம்பியன். ஹண்டர் 27 புள்ளி. அம்மாவுக்கு போன் போட்டு அழுதேன். "யாருக்கு என்ன ஆச்சு"ன்னு பதறிட்டாங்க.

கேட்டன்ஸ்வில்காரன்:
அக்கா, ஹண்டர் விஷயம் ஒத்துக்கறேன். நாங்களும் ரெண்டு நாள்தான் ஆடினோம், அடுத்த ஆட்டத்துல கான்சஸ் ஸ்டேட் கிட்ட 50-43னு தோத்தோம். அந்த ஆட்டத்துக்கு சாம்பார் வைக்கல. பீட்சாதான்.